மழைமலைக்குக் கட்டிய மூட்டை

1810ஆம் ஆண்டின் கடைசியில் கல்கத்தாவின் சிப்பூர் தாவரவியல் தோட்டத்துக்கு ஒரு கூடைத் தேன் வந்து சேர்ந்தது. அனுப்பியவர் சில்ஹெட்டில் இருந்த மேத்யூ ரிச்சர்ட் ஸ்மித். பெற்றுக்கொண்டவர் தோட்டத்தின் கண்காணிப்பாளர் வில்லியம் ராக்ஸ்பரோ. சென்னை மாகாணத்தில் மருத்துவராக இருந்துகொண்டே செடிகொடி தேடி அலைந்தவர் அவர். 1793இல் கல்கத்தாவுக்கு வந்தவர். தேனில் அதிசயம் ஏதுமில்லை. அது வந்த பாத்திரம்தான் அவரைத் திகைக்க வைத்தது. சாதாரணப் பிரம்புக் கூடை, ஆனால் ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. விசாரித்தபோது விஷயம் தெரிந்தது: சில்ஹெட்டுக்கு வடக்கே ஜெயந்தியா மலைப் பக்கத்துக்காரர்கள் கூடையின் உட்புறத்தில் ஒரு மரத்தின் பாலைப் பூசியிருந்தார்கள். அந்த மரத்துக்கு ராக்ஸ்பரோ வைத்த பெயர் ஃபைகஸ் எலாஸ்டிகா. இன்று வீட்டு வரவேற்பறைகளில் தொட்டிக்குள் பளபளவென்று நிற்கிறதே, அந்த ரப்பர் செடிதான்.

பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1823இல், ஸ்காட்லாந்துக்காரரான சார்லஸ் மாக்கின்டாஷ் இரண்டு துணிகளுக்கு நடுவே நாஃப்தாவில் கரைத்த ரப்பரைப் பூசி, நீர் புகாத துணி என்று காப்புரிமை வாங்கினார். மழைக்கோட்டுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. மலைக்காரர்களின் கூடை ராக்ஸ்பரோவின் புத்தகத்தில் ஒரு குறிப்பாக நின்றுபோனது. அவர்களுக்கு இந்த வித்தை கைவந்ததில் வியப்பில்லை. ஜெயந்தியா மலையை ஒட்டிய காசி மலையில்தான் சிரபுஞ்சி இருக்கிறது. அங்கே 1860 ஆகஸ்டிலிருந்து 1861 ஜூலைக்குள் பெய்த மழை 26,461 மில்லிமீட்டர். சென்னைக்கு ஓர் ஆண்டில் கிடைப்பது ஏறக்குறைய 1,400.

கொல்கத்தா, கடல் மட்டத்துக்குமேல் பத்து மீட்டர்கூட உயராத சமவெளி ஊர். கண்ணுக்கெட்டிய தூரத்தில் ஒரு குன்று கிடையாது. ஆனாலும் இரண்டு நூற்றாண்டுகளாக டார்ஜிலிங், சிக்கிம், திபெத், காசி மலை என்று கிழக்கு இமயத்துக்கும் அதன் பக்கத்து மலைகளுக்கும் நடக்கக் கிளம்பியவர்களில் பெரும்பாலோர் மூட்டை கட்டியது இந்த ஊரில்தான். எதை எடுப்பது, எதை விடுவது, எப்படி நனையாமல் காப்பது என்று அவர்கள் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த மூட்டையை யார் சுமந்தார்கள், சுமந்தவர் மேல் மழை பெய்தபோது என்ன ஆனது என்பதை அந்தப் பக்கங்களின் இடுக்கில்தான் தேடிப் பிடிக்க வேண்டும்.

1848 ஜனவரியில் கல்கத்தாவில் இறங்கியபோது ஜோசப் டால்டன் ஹூக்கருக்கு வயது முப்பது. அண்டார்க்டிகா வரை கப்பலில் போய்வந்த தாவரவியலாளர், டார்வினின் நண்பர். டார்ஜிலிங்குக்கு அப்போது ரயில் கிடையாது. யானை, பல்லக்கு, படகு என்று மாறி மாறி ஏறி ஏப்ரல் 16ஆம் தேதிதான் போய்ச் சேர்ந்தார். நேபாளத்தில் முன்பு பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த பிரையன் ஹாட்ஜ்சன் தன் வீட்டில் இடம் கொடுத்தார். மழைக்காலம் முழுக்க அங்கே உட்கார்ந்து திட்டம் போட்டுவிட்டு, அக்டோபர் 27ஆம் தேதி கிழக்கு நேபாளத்தை நோக்கி நடையைத் தொடங்கினார். உடன் புறப்பட்டவர்களையும் சேர்த்து மொத்தம் 56 பேர்.

அந்தக் கூட்டத்தின் கணக்கை ஹூக்கரே தன் பயண நூலில் கொடுத்திருக்கிறார். கூடாரத்துக்கு ஓர் ஆள், கருவிகளுக்கு ஓர் ஆள், கட்டிலுக்கு ஓர் ஆள், துணிப் பெட்டிக்கு ஓர் ஆள், புத்தகம் காகிதத்துக்கு ஓர் ஆள். செடிகளை வைத்து உலர்த்தும் காகிதத்துக்கும் ஆய்வுச் சாமான்களுக்கும் மட்டும் ஏழு பேர். ஹாட்ஜ்சன் அனுப்பிய பறவை வேட்டைக்காரர்களுக்கும் அவர்களுடைய மருந்து, தோட்டாக்களுக்கும் நான்கு பேர். மரமேறவும் காகிதம் மாற்றவும் லெப்சா இளைஞர்கள். காவலுக்கு நேபாளச் சிப்பாய்கள். அந்தச் சிப்பாய்களின் மூட்டையைத் தூக்க இரண்டு கூலிகள். கடைசியாக அரிசி, நெய், எண்ணெய், மிளகாய், உப்பு, மாவு சுமந்துவந்த பூட்டியா ஆட்கள் பதினான்கு பேர். அந்தப் பதினான்கு பேரும் தூக்கிய அரிசியில் ஒரு பங்கு அவர்களே சாப்பிடத்தான் போயிற்று. பழைய இமயப் பயணங்களின் சிக்கலே இதுதான். சுமை கூடினால் ஆள் கூடும், ஆள் கூடினால் அரிசி கூடும், அரிசியைத் தூக்க மறுபடியும் ஆள்.

ஹூக்கர் வெறுங்கையோடு நடந்தார் என்று நினைத்துவிட வேண்டாம். சிறிய பாரமானி, செடி தோண்டும் பெரிய கத்தி, குறிப்பேடு, தொலைநோக்கி, திசைகாட்டி ஆகியவற்றைத் தானே சுமந்தார். வெப்பமானி, செக்ஸ்டண்ட், அளவு நாடா, பாறை உடைக்கும் சுத்தி, பூச்சிப் புட்டிகள் எல்லாம் அறை அறையாகத் தைத்த கனமான கித்தான் பைகளில் அடுக்கப்பட்டுப் பக்கத்தில் வந்த இளைஞர்களின் தோளில் தொங்கின. இன்றைய மலைநடைப் பையில் பத்து ஜிப்பும் பத்து அறையும் இருக்கிறதல்லவா? அன்றைக்கு அந்தப் பத்து அறையும் இரண்டு மூன்று பையன்களின் மேல் பிரிந்து நடந்துகொண்டிருந்தன.

மாலையில் முகாம் இறங்கியதும் ஒரு மரக்கிளையின் மேல் கம்பளியைப் போட்டு, அதோடு இன்னும் சில கம்பளிகளைச் சேர்த்து, வீட்டுக் கூரைபோல் சட்டம் கட்டிவிடுவார்கள். உள்ளே பாதி இடம் கட்டிலுக்கு. கட்டிலுக்கு அடியில் துணிப் பெட்டி. மேசைக்கு அடியில் புத்தகங்கள். யார் கையும் காலும் படாத மூலையில் பாரமானி. காற்றும் பூச்சியும் அணைத்துவிடாதபடி கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு மெழுகுவத்தி. எது எங்கே என்பதில் ஹூக்கர் கறாராக இருந்தார். ஈர மலையில் அது வெறும் ஒழுங்குப் பித்து அல்ல. இருட்டில், மழையில் ஒரு பொருளைத் தேடி மூட்டையைப் பிரித்தால் மூட்டை முழுவதும் நனைந்துவிடும்.

1849 மே மாதம் சிக்கிமுக்குள் நுழைந்தபோது அவர் வேண்டுமென்றே மழைக்காலத்தைத் தேர்ந்தெடுத்தார். ரோடோடெண்ட்ரான் பூப்பதும் செடிகள் தழைப்பதும் அப்போதுதான். கூடவே அட்டையும் தழைக்கும். வால்பாறைப் பக்கம் போய்வந்த தமிழர்களுக்கு அட்டையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. காலுறைக்குள் புகையிலையைச் சுற்றிக்கொண்டு, கால்களில் மூக்குப்பொடியைத் தூவிக்கொள்வதுதான் அவர் கண்ட வழி. விடாத மழையில் நடக்கும்போது அதுவும் கழுவிக்கொண்டு போய்விடும் என்பதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். ஹூக்கர் வைத்திருந்தது கடைச்சரக்கு. மலைக்காரர்கள் தடியின் நுனியில் ஒரு துணியில் உப்பைக் கட்டி வைத்துக்கொண்டு, ஏறும் அட்டையைத் தொட்டுவிட்டு நடந்துகொண்டே இருப்பார்கள். இன்றும் அதைவிட மலிவான, நிச்சயமான வைத்தியம் வரவில்லை.

மறு ஆண்டு நண்பர் தாமஸ் தாம்சனுடன் காசி மலைக்குப் போனார். ஒரே நாளில் முப்பது அங்குல மழையை அளந்தார்கள். அங்கே நீலப் பூப் பூக்கும் வாண்டா என்ற ஆர்கிட் செடியை ஏழு ஆள் சுமையாகச் சேகரித்து லண்டன் கியூ தோட்டத்துக்கு அனுப்பினார்கள். உயிரோடு போய்ச் சேர்ந்தவை சொற்பம். எவ்வளவு கவனமாகக் கட்டினாலும் மழை உள்ளே வராமல் காப்பது ஒரு பாதிதான். உள்ளே சேர்ந்துவிட்ட ஈரத்தை வெளியேற்றுவது மறுபாதி. அதற்கு 1850இல் வழி இல்லை. மெழுகுத் துணி, உட்புறம் தகரம் அடித்த மரப்பெட்டி எல்லாமே வெளி மழையைத் தடுத்தன, பூஞ்சணத்தை அடைகாத்தன.

ரப்பர் துணியாவது கைகொடுத்திருக்கலாமே என்று தோன்றும். மாக்கின்டாஷின் ஆரம்பகாலத் துணி வெயிலில் பிசுபிசுத்தது, குளிரில் விறைத்தது. கந்தகம் சேர்த்து ரப்பரைச் சூடாக்கிப் பதப்படுத்தும் முறைக்கு சார்லஸ் குட்இயரும் தாமஸ் ஹான்காக்கும் காப்புரிமை பெற்றது 1844ஐ ஒட்டித்தான். கல்கத்தாவின் மே மாதத்தையும் சிக்கிம் கணவாயின் பனியையும் ஒரே வாரத்தில் தாங்க வேண்டிய துணிக்கு அது இல்லாமல் தீராது.

அதுவரை ஈர மலையின் சிறந்த மழைச்சட்டை கடையில் விற்றது அல்ல. காசிப் பெண்கள் வயலில் குனிந்து வேலை செய்யும்போது தலையிலிருந்து முழங்கால் வரை முதுகை மூடும் ‘க்னுப்’ என்ற கவசத்தைப் போட்டுக்கொள்வார்கள். மூங்கிலைப் பிளந்து பின்னி, நடுவில் இலைகளை அடுக்கியது. கட்டவும் வேண்டாம், பிடிக்கவும் வேண்டாம். இரண்டு கையும் வேலைக்கு மிச்சம். நேபாள, டார்ஜிலிங் மலைகளிலும் இதே வகை உண்டு. நம் ஊரில் கோணியை மடித்துக் கொங்காணி போட்டுக்கொண்டு நாற்று நடுகிறவர்கள் செய்வதும் அதுதான். காற்று உள்ளே ஓடும், உடம்பு வேர்க்காது. ஐரோப்பியர்கள் இதைப் பார்த்தார்கள், படம் வரைந்தார்கள், பத்திரமாக எழுதியும் வைத்தார்கள். போட்டுக்கொள்ள மட்டும் மனம் வரவில்லை.

அடுத்த தலைமுறையில் வேறொரு வகை மூட்டை வந்தது. ஒளித்துக் கட்டும் மூட்டை.

திபெத் வெளியாருக்குக் கதவை மூடியிருந்த காலம். பிரிட்டிஷ் நில அளவைத் துறை உள்ளூர் ஆட்களைப் பயிற்றுவித்து யாத்திரிகர் வேடத்தில் அனுப்பியது. 108 மணி இருக்க வேண்டிய ஜெபமாலையில் நூறு மணி. நூறு காலடிக்கு ஒரு மணி நகரும். பிரார்த்தனைச் சக்கரத்துக்குள் மந்திரத்துக்குப் பதில் அளவுக் குறிப்புகள். ஊன்றுகோலுக்குள் வெப்பமானி. சோழிக்குள் பாதரசம். எடையைக் குறைக்க வேண்டும், சந்தேகமும் வரக்கூடாது என்ற இரண்டு நெருக்கடியும் சேர்ந்து, உலகத்தின் மிகச் சிக்கனமான பயண மூட்டைகளில் ஒன்றை உருவாக்கின.

இந்த வரிசையில் வங்காளத்தின் பெயர் சரத் சந்திர தாஸ். சிட்டகாங்கில் பிறந்து கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பொறியியல் படித்து, 1874இல் டார்ஜிலிங் பூட்டியா உறைவிடப் பள்ளிக்குத் தலைமை ஆசிரியராகப் போனவர். சக ஆசிரியரான உக்யேன் கியாட்சோ லாமாவுடன் 1879இல் ஒருமுறை, 1881 நவம்பரில் மறுமுறை திபெத்துக்கு நடந்தார். இரண்டாம் முறை போனது லாசா வரை. அவர் கொண்டுபோனவற்றில் விசித்திரமானது, தாஷில்ஹுன்போ மடத்து அமைச்சர் கேட்டார் என்பதற்காக வரவழைத்த கல்லச்சு இயந்திரம். பனிக் கணவாய் தாண்டும் நடைக்கு அச்சு இயந்திரத்தைச் சாமான் பட்டியலில் சேர்த்தவர் வேறு யாராவது இருக்கிறார்களா தெரியவில்லை. தாஸ் பத்திரமாகத் திரும்பிப் புத்தகங்கள் எழுதினார், பட்டம் பெற்றார். அவருக்கு இடம் கொடுத்த, அமைச்சரான அந்த மடத்து லாமா அதற்காகப் பின்னால் மரண தண்டனை பெற்றார். அந்த மூட்டைக்கு உண்மையான கூலி கொடுத்தவர் அவர்தான்.

கின்தூப்பின் கதை இன்னும் கொடுமை. சிக்கிம்காரர், டார்ஜிலிங்கில் தையல் வேலை பார்த்தவர், எழுதப் படிக்கத் தெரியாதவர். 1880இல் அவரை ஒரு சீன லாமாவுக்கு உதவியாளாக அனுப்பினார்கள். திபெத்தின் சாங்போ நதியும் அஸ்ஸாமின் பிரம்மபுத்திராவும் ஒன்றா என்று கண்டுபிடிக்க வேண்டும். அடையாளமிட்ட கட்டைகளை ஆற்றில் விட வேண்டும், கீழே ஆட்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்பது திட்டம். லாமா கின்தூப்பை அடிமையாக விற்றுவிட்டு நடையைக் கட்டினார். தப்பி ஓடிய கின்தூப் ஊருக்குத் திரும்பவில்லை. வேலையை முடித்துவிட்டுத்தான் போவது என்று நின்றார். ஓரடி நீளத்தில் 500 கட்டைகள் வெட்டி, அடையாளம் பதித்து, ஒளித்து வைத்து, நாளுக்கு 50 வீதம் ஆற்றில் விட்டார். எந்த நாட்களில் விடப்போகிறேன் என்று அவர் சொல்லியனுப்பிய கடிதம் உரியவர் கைக்கு நேரத்தில் சேரவில்லை. கட்டைகள் பார்ப்பாரில்லாமல் வங்கக் கடலுக்குப் போயின. 1884இல் டார்ஜிலிங் திரும்பியவரின் வார்த்தையைப் பலர் நம்பவில்லை. 1913இல் பிரிட்டிஷ் அதிகாரிகளான பெய்லியும் மோர்ஸ்ஹெட்டும் அந்தப் பள்ளத்தாக்கில் நடந்த பிறகுதான் அவர் சொன்னது பெரும்பாலும் சரி என்று உறுதியானது.

இதே காலத்தில் கல்கத்தாவின் சாதாரண மனிதர்களும் மலைக்கு நடந்துகொண்டிருந்தார்கள், கேதார்நாத் பத்ரிநாத்துக்கு. எழுத்தாளர் ஜலதர் சென் 1890இல் போனார். பிரபோத் குமார் சான்யால் 1932இல் போனார். ஹரித்துவாரிலிருந்து வாரக்கணக்கில் நடை. ஆனால் மூட்டை? ஒரு கம்பளி, ஒரு லோட்டா, ஒரு தடி, கொஞ்சம் அவலும் வெல்லமும். புளிச்சோறு கட்டிக்கொண்டு பழனிக்கு நடந்தவர்கள் வீட்டில் இது நன்றாகவே புரியும். இவ்வளவு குறைவாக எடுத்துப் போக முடிந்ததற்குத் துறவு மனம் மட்டும் காரணமல்ல. சில மைல்களுக்கு ஒரு வழியோரச் சாவடி இருந்தது. அங்கே அரிசி பருப்பு வாங்கினால் படுக்க இடமும் சமைக்கப் பாத்திரமும் இலவசம். ரிஷிகேசத்து காளி கம்ளிவாலா அமைப்பு ஏழை யாத்திரிகர்களுக்கும் சாதுக்களுக்கும் வழிநெடுக உணவுப் பொருள் கொடுத்தது. வழி தாங்கியதால் முதுகு தப்பியது. ஹூக்கர் 56 பேரோடு போனதற்கும் யாத்திரிகர் ஒரு கம்பளியோடு போனதற்கும் நடுவில் இருந்த வித்தியாசம் இந்தச் சாவடிகள்தான் என்று துணிந்து சொல்லலாம்.

வழி தாங்காத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கு 1921இன் எவரெஸ்ட் பயணம் சாட்சி. சாமான்கள் கப்பலில் கல்கத்தா வந்து, ரயிலில் டார்ஜிலிங் ஏறின. ஹோவர்ட்-பரி தலைமையில் மே 18ஆம் தேதி முதல் குழு கிளம்பியது. இந்திய ராணுவம் 100 கோவேறு கழுதைகளைக் கொடுத்திருந்தது. சமவெளியில் நன்றாகத் தின்று கொழுத்த விலங்குகள். சிக்கிம் காட்டின் மழையிலும் செங்குத்து ஏற்றத்திலும் சில நாளிலேயே படுத்துவிட்டன. ஜெலெப் கணவாயை எட்டுமுன்பே அவற்றைத் திருப்பி அனுப்பிவிட்டு, மலைக்காரர்களின் கோவேறு கழுதைகளை வாடகைக்குப் பிடிக்க வேண்டியதாயிற்று. அடுத்தடுத்த பயணங்களில் காடை இறைச்சி டின்னும் ஷாம்பெயின் புட்டியும்கூட மலையேறின. 1922 ஜூன் 7ஆம் தேதி பனிச்சரிவில் ஏழு சுமைகாரர்கள் இறந்தார்கள். அன்று மலை மேல் இருந்த வெள்ளையர் ஒருவரும் இறக்கவில்லை.

அந்தப் பயணங்கள் நடந்த அதே வருடங்களில்தான் கல்கத்தா தன் சொந்த மழைத்துணியைச் செய்யத் தொடங்கியது. சுதேசி இயக்கத்தின் சூடு ஆறாத காலம். பிரபுல்ல சந்திர ராயின் பெங்கால் கெமிக்கல்ஸ் மருந்து செய்துகொண்டிருந்தது. வெளிநாட்டில் படித்துத் திரும்பி, பிரிட்டிஷ் அரசின் காவலிலும் இருந்துவிட்டு வந்த சுரேந்திர மோகன் போஸ், சகோதரர்களுடன் சேர்ந்து 1920இல் பெங்கால் வாட்டர்ப்ரூஃப் நிறுவனத்தைத் தொடங்கினார். பொருளுக்கு வைத்த பெயர் டக்பேக். பின்னால் ஹூக்ளிக் கரையில், நகரத்துக்கு வடக்கே பாணிஹாட்டியில் பெரிய தொழிற்சாலை எழுந்தது.

ரப்பர் துணி செய்வது பொறுமையான வேலை. ரப்பரை உருளைகளுக்கு நடுவே அரைத்து மென்மையாக்கி, கந்தகமும் வண்ணமும் சேர்த்து, கரைப்பானில் ஊறவைத்து மாவுபோல் ஆக்குவார்கள். நீளத் துணி ஓடிக்கொண்டிருக்கும். மேலே ஒரு கத்தி மாவை மெல்லிய படலமாக வழித்துக்கொண்டே வரும். உலர்ந்ததும் மறுபடி ஒரு படலம், அதற்கு மேல் இன்னொன்று. பிறகு சூடாக்கிப் பதப்படுத்துவது. இத்தனைக்குப் பிறகும் தோற்கும் இடம் ஒன்று உண்டு, தையல். ஊசி போன ஒவ்வொரு துளையும் மழைக்கு வாசல். அதனால் தையலின் உட்புறத்தில் ரப்பர் பட்டையை ஒட்டுவார்கள். பழைய டக்பேக் கோட்டை உள்பக்கம் திருப்பிப் பார்த்தவர்கள் அந்தப் பட்டையைப் பார்த்திருப்பார்கள். முதலில் உரிந்து வருவதும் அதுதான்.

மழைக்கோட்டோடு நிற்கவில்லை. கம்பூட்ஸ், வெந்நீர்ப் பை, காற்றடைத்த தலையணை, ஹோல்டால் என்று நடுத்தர வர்க்கத்தின் மலைப் பயணமே ஒரு முத்திரைக்குள் அடங்கியது. இதில் ஹோல்டாலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். படுக்கையை விரித்து, இரண்டு முனைப் பைகளிலும் துணி, செருப்பு, தலையணை திணித்து, சுருட்டி, தோல்வார் போட்டு இறுக்கிவிட்டால் ஸியால்தா ரயில் நிலையத்திலிருந்து மலை பங்களா வரை அதுவே மெத்தை, அதுவே பெட்டி. ஆனால் அதை முதுகில் மாட்ட முடியாது. தலையில் வைக்க இன்னொருவர் வேண்டும் என்ற எதிர்பார்ப்போடு வடிவமைக்கப்பட்ட கடைசிப் பெரிய மூட்டை அது. டார்ஜிலிங் நிலையத்தில் அதை வாங்கிக்கொண்டவர், பெரும்பாலும் பெண், நெற்றியில் பட்டை மாட்டிச் சுமந்தார். மழைக்கும் அவருக்கும் குறுக்கே இருந்தது ஒரு சாக்குதான்.

மலையேற்றத்துக்கென்று கல்கத்தாவில் அமைப்பு தோன்றியது 1927இல், மவுண்டன் கிளப் ஆஃப் இந்தியா. அடுத்த ஆண்டே அது புதிதாகப் பிறந்த ஹிமாலயன் கிளப்போடு சேர்ந்துவிட்டது. டார்ஜிலிங்கில் சுமைகாரர்களின் பெயரைப் பதிந்து, சான்றுப் புத்தகம் கொடுத்து, 1930களின் முடிவில் சிறந்தவர்களுக்குப் புலிப் பதக்கம் வழங்கும் வழக்கத்தை ஹிமாலயன் கிளப் தொடங்கியது. அப்பதக்கம் பெற்றவர்களில் டென்சிங் ஒருவர். 1953இல் அவர் எவரெஸ்ட் ஏறியதும் மேற்கு வங்க முதலமைச்சர் பிதான் சந்திர ராய் அக்கறை எடுக்க, 1954 நவம்பரில் டார்ஜிலிங்கில் இமாலய மலையேற்றப் பயிற்சி நிறுவனம் திறக்கப்பட்டது. மூட்டை வரலாற்றில் அந்த நிறுவனம் ஒரு திருப்பம். பயிற்சிக்கு வந்த கல்கத்தாப் பையன் தன் பையைத் தானே கட்டித் தானே தூக்க வேண்டியிருந்தது. 1960இல் சுகுமார் ராய் தலைமையில், ஆனந்தபஜார் பத்திரிகையின் ஆதரவில் வங்காளக் குழு நந்தா குன்ட்டி சிகரத்துக்குப் போனது. உடன் போன கௌர் கிஷோர் கோஷ் அதை எழுதியதை வங்காளம் வாரக்கணக்கில் பேசியது. சட்டம் கற்பித்துக்கொண்டிருந்த உமாபிரசாத் முகோபாத்யாய் வாழ்நாள் முழுக்க மலை மலையாக நடந்து எழுதினார். அவருடைய ‘மணிமகேஷ்’ நூலுக்கு 1971இல் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. நகரத்தில் கிளப்புகள் தெருவுக்குத் தெரு முளைத்தன.

வங்காளிகள் மலைக்குப் போகிறார்கள் என்றாலே குரங்குத் தொப்பியையும் 1929 முதல் கல்கத்தாவில் தயாராகும் போரோலின் களிம்பையும் சொல்லிக் கேலி செய்வது நாடு முழுக்க வழக்கம். கேலி கிடக்கட்டும். காது, கழுத்து, வாய் மூன்றையும் ஒரே துணியால் மூடும் தொப்பி காற்று அறையும் சந்தக்ஃபூ முகட்டில் புத்திசாலித்தனமான பொருள். கொப்புளத்துக்கும் வெடித்த உதட்டுக்கும் ஒரே டியூப் போதும் என்பதும் நல்ல மூட்டைக் கணக்குதான். மழைக்கால மலைநடைக்குக் கைவசம் இருக்கும் பொருள்களில் கொல்கத்தாவின் சாதாரணக் கறுப்புக் குடைக்கு முதலிடம் தரலாம். 1976இல் கோர்டெக்ஸ் வந்தபோது வேர்வையை வெளியே விடும் மழைத்துணி என்று கொண்டாடினார்கள். வெளிக்காற்றிலேயே ஈரம் நிறைந்து வழியும் ஜூலை மாத டார்ஜிலிங்கில் வேர்வை வெளியேற இடம் ஏது? விலையுயர்ந்த ஜாக்கெட் போட்டவர் உள்ளே நனைகிறார். குடை பிடித்த ஆட்டிடையர் காய்ந்திருக்கிறார். க்னுப் செய்தவர்களுக்கு இது எப்போதோ தெரியும்.

கொல்கத்தாக்காரர்களின் மலைப் பருவம் துர்கா பூஜை விடுமுறை. மழை ஓய்ந்துவிட்டது என்ற நம்பிக்கையில் அக்டோபரில் கிளம்புவார்கள். அந்த நம்பிக்கைக்கு உத்தரவாதம் இல்லை. 1968 அக்டோபர் தொடக்கத்தில் பெய்த மழையில் தீஸ்தா பெருகி ஜல்பாய்குரியை மூழ்கடித்தது, பாலங்களைக் கொண்டுபோனது. 2023 அக்டோபர் 4ஆம் தேதி சிக்கிமில் பனியேரி உடைந்து அதே தீஸ்தா பொங்கியது. 2025 அக்டோபர் முதல் வாரத்தில் டார்ஜிலிங், மிரிக் பகுதிகளில் மண் சரிந்து பலர் இறந்தார்கள்.

சிங்கலீலா தேசியப் பூங்கா ஆண்டுதோறும் ஜூன் 16 முதல் செப்டம்பர் 15 வரை மூடியிருக்கும். அதன் பிறகு மானேபஞ்சாங்கிலிருந்து 3,636 மீட்டர் உயர சந்தக்ஃபூவுக்கு நான்கைந்து நாள் நடை போகலாம், வழிகாட்டி கட்டாயம். போகிறவர்கள் பைக்கு வெளியே போடும் உறையை நம்பாமல், தூங்கும் பையையும் ஒரு மாற்றுத் துணியையும் உள்ளே தடித்த பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள். ஒரு முழத் துணியில் உப்பு முடிந்துகொள்ளுங்கள். சுமைக்கு ஆள் வைத்தால், அவருக்கு நல்ல ரெயின்கோட்டும் பூட்சும் இருக்கிறதா என்று கிளம்பும் முன்பே கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் சிலிகுரியைத் தாண்டித்தான் போகிறீர்கள். அங்கேயே அவருக்கும் ஒரு செட் வாங்கிக்கொள்ளுங்கள்.